வழிச்செலவு

1

இன்றைய தமிழ்க் கவிதையில் மிகவும் களைத்துப்போன சொல் எது என்று கேட்டால் 'பயணம்' என்று சொல்வேன். 'மௌனம்', 'வெளி', 'நிழல்' ஆகியவையும் போட்டிக்கு வரலாம். ஆனால் அவற்றுக்கு இல்லாத ஒரு சௌகரியம் பயணத்துக்கு உண்டு. அதை எதனோடும் ஒட்டிவிடலாம். வாழ்க்கைப் பயணம், காலப் பயணம், உள்முகப் பயணம், மொழிக்குள் ஒரு பயணம். இவற்றில் எதற்கும் கவிஞன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. டிக்கெட் வேண்டாம், சோறு கட்ட வேண்டாம், யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். தொகுப்புக்கு முன்னுரை எழுதுகிறவரும் 'இவருடைய கவிதைப் பயணத்தில் இது ஒரு மைல்கல்' என்று தன் பங்குக்கு ஒன்றை எழுதிவைக்கிறார். மைல் எத்தனை என்று அவரும் சொல்வதில்லை.

இதை ஒரு சொல்லின் மேல் எனக்குள்ள எரிச்சலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பயணம்' வடமொழியின் 'பிரயாண'த்திலிருந்து வந்தது என்பதும் இங்கே குற்றச்சாட்டு அல்ல. சொற்களின் குலம் விசாரிப்பது விமர்சனத்தின் வேலை ஆகாது. என் கேள்வி வேறு. போவதற்கும் வருவதற்கும் ஒரு காலத்தில் நம்மிடம் தனித்தனியாகப் பல சொற்கள் இருந்தன. அவை எல்லாவற்றின் இடத்திலும் ஒரே சொல் வந்து உட்கார்ந்தபோது எது வெளியே தள்ளப்பட்டது?

தள்ளப்பட்டவர் போகாதவர் என்று எனக்குப் படுகிறது. பழைய தமிழ்ச் சொற்கள் ஒருவன் போவதை அவனுடைய காலிலிருந்து மட்டும் பார்க்கவில்லை. வாசலில் நிற்கிறவளையும், போவதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சேர்த்தே அவை பெயர் சூட்டின. இன்றைய 'பயண'த்தில் போகிறவன் ஒருவன்தான் இருக்கிறான். தனியாக இருப்பதால் அவனுக்குத் தன்னைப் பற்றி மட்டுமே சொல்ல முடிகிறது. நம் கவிதையின் சோகை அங்கே தொடங்குகிறது.

2

சங்கப் பாடல்களில் பயணத்துக்கு வழங்கிய முக்கியமான சொல் 'செலவு'. செல் என்ற வினையிலிருந்து பிறந்தது. போவதுதான் செலவு. இன்று செலவு என்றால் பணம் போவது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி இரண்டு பொருளையும் தருகிறது. ஆனால் பேச்சில் முதல் பொருள் முற்றாகச் செத்துவிட்டது. திருக்குறள் பணம் போகும் வழியைச் செலவு என்று சொல்லாமல் 'போகாறு' என்றே சொல்கிறது. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் நெல்லும் காசும் போகிற கணக்குக்குச் 'செலவு' வந்துவிடுகிறது. ஆள் போன சொல்லில் காசு ஏறிக்கொண்டது.

இதே கதை 'வரவு' என்ற சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. முல்லைத் திணையில் மாலை நேரத்தில் தலைவி காத்திருப்பது அவனுடைய வரவுக்காக. பின்னால் கணக்குப்பிள்ளை தன் ஏட்டின் இடப்பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதினான். பிரிவும் மீட்சியுமாக இருந்த இரண்டு சொற்கள் இன்று பேரேட்டில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. சட்டசபையில் நிதியமைச்சர் வாசிப்பதும் 'வரவு செலவுத் திட்டம்' தான். அகத்துறையின் இரண்டு சொற்கள் அதில் இருக்கின்றன என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றவும் வேண்டியதில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் 'ஃபேர்' என்றால் போவது, பயணம். இன்று அது பஸ் கண்டக்டர் கேட்கிற கட்டணம். நம் செலவு நடந்த அதே பாதையில் அதுவும் நடந்திருக்கிறது. விடைபெறும்போது சொல்கிற 'ஃபேர்வெல்'லில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நல்லபடி போ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதே 'ஃபேர்' சாப்பாட்டையும் குறிக்கும். கொங்கு நாட்டில் மிளகு, சீரகம் முதலிய கறிச்சாமான்களுக்குச் 'செலவு' என்று பெயர், செலவு ரசம் என்று ஒரு ரசமே உண்டு. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. பயணம், பணம், சோறு ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் இருந்தது எல்லா ஊர் மனிதனுக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'வாயேஜ்' என்ற சொல் எதிர்த்திசையில் வந்தது. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு வழிக்கு வேண்டிய உணவு, பணம் என்று பொருள். கட்டுச்சோறு பயணமாக வளர்ந்திருக்கிறது. சாகக் கிடக்கிறவருக்குக் கொடுக்கிற கடைசி நற்கருணைக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அந்த லத்தீன் சொல்லையே வைத்திருக்கிறது. 'ஜர்னி' ஒரு பகல் பொழுதில் ஆகிற வேலை அல்லது தூரம். 'டிராவல்' பாடுபடுதல், வேதனைப்படுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இன்னும் பின்னால் போனால் மூன்று கழிகளால் ஆன ஒரு சித்திரவதைக் கருவியில் போய் முட்டும் என்கிறார்கள். 'ட்ரிப்' மட்டும் இலகுவான காலடி. ஒவ்வொரு சொல்லும் போவதன் ஒரு பக்கத்தைப் பிடித்துவைத்திருந்தது. ஒன்று நேரத்தை, ஒன்று வலியை, ஒன்று சோற்றை. இன்றைக்கு ஆங்கிலேயனும் அவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறான். வேர்ப்பொருள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஒரு மொழி எதையெல்லாம் ஒரு காலத்தில் பார்த்தது என்பதற்கு அது சாட்சி. நம் சாட்சிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

3

செலவோடு சேர்ந்த ஒரு தொடர் 'செலவழுங்குதல்'. புறப்பட்டவன் தயங்கி நிற்பது. தொல்காப்பியம் கற்பியலில் இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறது. இடையில் நின்றுவிட்டான் என்பதால் அவன் போகமாட்டான் என்று ஆகாது, அவளைத் தேற்றி வைப்பதற்காகத்தான் அந்த நிறுத்தம் என்கிறது. இதில் கவனிக்க வேண்டியது இலக்கண நுட்பம் அல்ல. போகாமல் நிற்கிற அந்த இடைவெளியைப் பயணத்தின் ஒரு பகுதியாக எண்ணி அதற்குப் பெயர் வைக்கத் தோன்றியதே, அதுதான். ஒருவன் வாசலில் நிற்கிறான், இன்னொருத்தி அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பயணம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது, அவன் ஒரு அடி எடுத்து வைக்காமலே.

பட்டினப்பாலை இந்தத் துறையின் உச்சம். 301 அடிகள் கொண்ட பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் கடைவீதியும் துறைமுகமும் பண்டகசாலையும் இருநூறு அடிக்கு மேல் வருகின்றன. பிறகு, இத்தகைய பட்டினமே கிடைப்பதாக இருந்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று ஒருவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான். அதன் பின் கரிகாலனின் கதை வந்து பாட்டு முடிகிறது. தமிழின் பெரிய நகர வர்ணனை ஒன்று, அந்த நகரத்துக்குப் போக மறுக்கிறவனின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. போகாததன் எடையைக் காட்டத்தான் அத்தனை கப்பல்களும் வந்து நிற்கின்றன. அவன் சொல்லும் சொல் 'வாரேன்'. அன்றைய தமிழில் வரமாட்டேன் என்று பொருள். நெஞ்சு முன்பே கிளம்பிப் போய்விட்டதால் 'போகமாட்டேன்' என்பதற்குப் பதில் 'வரமாட்டேன்' என்கிறான். இதைவிடச் சிக்கனமாக ஒரு மனிதனை இரண்டாகப் பிளக்க முடியாது.

ஆற்றுப்படை இன்னொரு வகை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பேசுகிறவன் போய் வந்தவன், கேட்கிறவன் போகப் போகிறவன். 583 அடி நீளமுள்ள மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், வழுக்குப் பாறை எங்கே, தினைப்புனக் காவலர் எறிகிற கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. இது அனுபவத்தைச் சொல்கிற எழுத்து, ஆனால் 'என் அனுபவம்' என்று மார்தட்டுகிற எழுத்து அல்ல. தன் காலில் பட்ட கல்லை அடுத்தவன் காலுக்காக ஞாபகம் வைத்திருப்பது. நம் பத்திரிகைகளில் வருகிற பயணக் கட்டுரைகளோடு இதை ஒப்பிட்டால், எது பழமையானது, எது நவீனமானது என்ற குழப்பமே வந்துவிடும்.

'உலா'வின் கதி இன்னும் விசித்திரம். உலாப் பிரபந்தத்தில் வீதியில் போகிறவன் யாரையும் பார்ப்பதில்லை. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்க்கிறார்கள், பார்த்து நிலைகுலைகிறார்கள். பாட்டு முழுவதும் நிற்கிறவர்களுடையது. இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லோடு ஒரு 'சுற்று' சேர்த்துச் 'சுற்றுலா' ஆக்கினோம். 1971இல் அதற்கு ஒரு அரசுக் கழகமும் வந்தது. நல்ல தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். இப்போது போகிறவன்தான் பார்க்கிறான், ஊரில் இருக்கிறவர்கள் பார்க்கப்படுகிற பொருள்கள். தனித்தமிழ் இங்கே சொல்லைக் காப்பாற்றியது, அதற்குள் இருந்த பார்வையைத் தலைகீழாக்கியதைக் கவனிக்கவில்லை.

4

சொற்கள் செத்தாலும் அவற்றின் உள்ளே இருந்த உறவு பேச்சில் தங்கியிருக்கும். இதை எந்த வட்டாரத்திலும் சோதிக்கலாம். ஆனால் நாஞ்சில் நாடும் அதைச் சேர்ந்த கடலோரமும் இதற்குப் பொருத்தமான இடம். ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கன்னியாகுமரி பயணம் முடிகிற இடம். காசியிலிருந்து வருகிறவர் கடலில் குளித்துத் திரும்புகிறார். விவேகானந்தர் 1892 டிசம்பரில் வந்தார், 1970இல் பாறையில் மண்டபம் எழுந்தது. அதன் பிறகு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. எல்லோரும் வந்து முடிக்கிற ஊரில் இருக்கிறவனுக்குப் பயணம் அங்கேதான் தொடங்க வேண்டும். அவன் அதை என்ன பெயரில் சொன்னான் என்பது சுற்றுலாக் கையேடுகளில் கிடைக்காது.

கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் 'பாண்டி'. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாகாணத்தோடு சேரும் வரை அது உண்மையிலேயே எல்லை. திருநெல்வேலிக்குப் போவது 'பாண்டிக்குப் போவது'. பேசுவது ஒரே பாஷை, போவது ஐம்பது மைல், என்றாலும் வேறு ராஜ்யம். ரயில் இங்கே வந்ததும் சமீபத்தில்தான். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 1979இல், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981இல். அதுவரை ரயில் ஏறுவதற்கே ஒரு பயணம் போகவேண்டி இருந்தது.

புறப்படுகிறவன் 'போறேன்' என்று சொல்லக்கூடாது. தமிழ்நாடு எங்கும் உள்ள வழக்கம்தான். இங்கே அது 'வாறேன்' என்று ஒரே சொல்லில் நிற்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு வாறேன் என்கிறான். எதிரில் வருகிறவரும் 'எங்கே போகிறாய்' என்று கேட்பதில்லை. 'தூரமோ?' என்றுதான் கேட்கிறார். பட்டினப்பாலைக்காரனின் 'வாரேன்' மறுப்பு, இவனுடைய 'வாறேன்' வாக்குறுதி. எழுத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு ரகர வித்தியாசம். இரண்டிலும் பேச்சு, இருக்கிறவரின் பக்கத்திலிருந்தே அமைந்திருக்கிறது. திரும்பி வருவதைச் சொல்லாமல் போவதைச் சொல்ல இந்த மொழிக்கு வாய் வரவில்லை.

மகா சிவராத்திரியை ஒட்டி மேற்கே நடப்பதற்கு யாத்திரை என்றோ தீர்த்தாடனம் என்றோ பெயரில்லை. 'சிவாலய ஓட்டம்' என்பதுதான் பெயர். திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று போய்த் திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு சிவன் கோயில்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக ஓடுகிறார்கள், சிவன் கோயிலுக்கு ஓடும்போது கூப்பிடுவது கோவிந்தனையும் கோபாலனையும். அந்தப் பெயரில் புண்ணியத்தின் வாசனை இல்லை, காலின் வேகம் மட்டும் இருக்கிறது. ஓடுகிறவர்களுக்கு வழியெங்கும் மோரும் பானகமும் கொடுக்க ஆட்கள் நிற்கிறார்கள். நிற்கிறவர்கள் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை.

கடற்கரையில் இன்னும் சுருக்கம். கடலுக்குப் போவது 'தொழிலுக்குப் போவது'. நாட்கணக்கில் ஆழ்கடலில் இருந்து மீன் பிடிப்பதைத் 'தங்குகடல்' என்கிறார்கள். இத்தனை தூரம் போகிற ஒன்றுக்குத் தங்குவதை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர்ப் பக்கத்து ஊர்களில் பலர் அப்படித் தங்கியிருந்தார்கள். கரையில் நின்றவர்கள் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்தது வரவு. அன்று அந்தச் சொல் பேரேட்டை விட்டு இறங்கித் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. சிலருக்கு அது வரவே இல்லை. தென்கடற்கரை முஸ்லிம் ஊர்களில் வெளிநாடு போவது 'சபர்', போய்ச் சம்பாதிக்கிறவன் 'சபுராளி'. சொல் அரபி. அதைச் சொல்கிற வாய் வீட்டிலிருக்கும் பெண்ணுடையது. அவன் அரபு நாட்டில் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை.

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். பிள்ளையோடு வயிற்றுச் சுமையும் இறங்காமல் செத்துப்போன கர்ப்பிணியின் நினைவாக நட்டது. இறங்காத ஒரு சுமைக்காக, வழியில் போகிற யாரோ ஒருவர் தன் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். 'பயணம்' என்ற படிமத்தை எடுத்து ஆளுகிற நம் கவிகளில் எத்தனை பேருக்கு இந்தக் கல் கண்ணில் பட்டிருக்கும் என்று தெரியவில்லை.

5

உரைநடைக்கு இது பட்டிருக்கிறது. இந்தப் பிரதேசத்தின் நல்ல நாவல்களைப் பார்த்தால், அவை பயணத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளாமலே போகிறவர்க்கும் இருக்கிறவர்க்கும் இடையிலான கணக்கை எழுதியிருக்கின்றன.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) ஒரு முச்சந்தியில் நிற்கிறது. மரத்துக்குப் போக்கிடம் இல்லை. எல்லோரும் அதைக் கடந்து போகிறார்கள். ராஜா ஒருவர் அந்த வழியாகப் போகப் போகிறார் என்பதற்காக ஊரே மாறுகிறது. போனவர் போய்விட்டார், மாறியது மாறியதுதான். அந்த நாவலைச் சரித்திரம் என்றும் குறியீடு என்றும் அரசியல் என்றும் வாசித்திருக்கிறோம். அதைப் போகிறவர்களின் கதையை நிற்கிற ஒன்றின் பக்கத்திலிருந்து சொன்ன நாவல் என்று வாசித்தால், உலாவின் பழைய கோணம் சத்தமில்லாமல் அங்கே திரும்பி வந்திருப்பது தெரியும். தாமோதர ஆசான் கதை சொல்கிற விதமும் அப்படித்தான். போனவர்களைப் பற்றி, இருந்துவிட்டவர் சொல்வது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) இன்னும் கடுமையானது. லிஸிக்கு வயது வந்த பிறகு வாசல்படிதான் எல்லை. பனைவிளைக்குள் ஒரு சின்னத் தூரமும் அவளுக்குப் பெரும் பயணம். நாவலில் நடப்பதெல்லாம் அவள் போக முடியாத இடங்களில் நடந்து, செய்தியாக அவளிடம் வருகிறது. பயணம் மறுக்கப்பட்டவளின் பயண நாவல் அது என்று சொன்னால் விபரீதமாகத் தோன்றலாம். தூரத்தை அளப்பதற்கு நடக்க முடியாதவரின் கண்ணைவிடத் துல்லியமான கருவி வேறில்லை.

தோப்பில் முகமது மீரானின் 'துறைமுகம்' (1991) கொழும்புக்குப் போகிற கருவாட்டைப் பற்றியது. ஊரிலிருந்து சரக்கு போகிறது, அக்கரையிலிருந்து விலை கடிதமாக வருகிறது. செலவும் வரவும் என்ற இரண்டு சொற்களின் இரண்டு பொருள்களும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கிற நாவல் தமிழில் இதைப்போல் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986), 'சதுரங்கக் குதிரை' (1993) இரண்டிலும் படித்த பையன் பம்பாய்க்குப் போகிறான். அவன் பம்பாயைப் 'பார்ப்பதில்லை'. மாதச் சம்பளத்தில் எவ்வளவு ஊருக்குப் போகும், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரலாம், வந்தால் எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்பதுதான் அவனுடைய பிரயாண விவரம். இந்தக் கணக்கில்தான் அந்த எழுத்தின் துயரம் இருக்கிறது. கணக்கை எடுத்துவிட்டு ஏக்கத்தை மட்டும் வைத்திருந்தால் அது வாரப்பத்திரிகைக் கதை.

பயண நூல் என்று பெயர் சொல்லியே வந்தவற்றில் ஏ. கே. செட்டியாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1937இல் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றி, உலகமெல்லாம் அலைந்து 1940இல் அதை வெளியிட்டவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்றும், அவருடைய பக்கங்களில் அவர் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறார். வழியில் உதவியவர்கள், வண்டிக்காரர்கள், ஓட்டல்காரர்கள் முன்னால் வருகிறார்கள். பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். ஆற்றுப்படையின் மனம் இது. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) சிறப்பான புத்தகம். அதன் தலைப்பே ஒரு அடக்கம். நடந்த பெருமையை நதிக்கு விட்டுவிடுகிறது.

6

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். எழ வேண்டும். காத்திருக்கிறவளை வைத்துச் செய்த சொற்களைப் புகழ்கிறீர்களே, அவளைக் காத்திருக்க வைத்தது யார்? போகும் உரிமை ஆணுக்கு, இருக்கும் கடமை பெண்ணுக்கு என்று பங்கு பிரித்த ஒரு சமூகம்தானே அந்தச் சொற்களை உண்டாக்கியது?

உண்மை. சங்கப் பாடல்களே இதை முழுக்க ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 'உடன்போக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. அவளும் போகிறாள். அவளைத் தேடிச் செவிலி பாலை வழியில் நடக்கிறாள், எதிரில் வருகிற அந்தணரைக் கேட்கிறாள். ஆதிமந்தி ஆட்டனத்தியைத் தேடி அலைந்தாள். வெள்ளிவீதியார் துணைவனைத் தேடி நடந்ததை ஔவையார் அகநானூற்றில் நினைவுகூர்கிறார். சிலப்பதிகாரத்தில் கொஞ்ச தூரம் நடந்ததுமே கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதத்தை ஆறு, ஐந்து என்று காதில் விழும்படி கோவலன் சொல்லிச் சிரிக்கிறான். நடக்கிறவளுக்குத் தூரத்தை முழுதாகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பயணம் பற்றிய மொழியில் எப்போதும் இப்படி ஒரு மறைப்பு இருந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு மறைப்பு இதைவிடப் பெரியது. சாலையில் நடக்கவே உரிமை இல்லாதவர்களுக்குப் பழைய சொற்களில் இடம் எது? திருவிதாங்கூரில் இது உவமை அல்ல. 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு போராட்டம். 1924இல் வைக்கத்திலும் 1926இல் சுசீந்திரத்திலும் சத்தியாக்கிரகம் நடந்தது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றுதான் வந்தது. சில நூறு கஜத் தூரத்தை நடந்து கடக்க இத்தனை வருஷம் ஆயிற்று. செலவு என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்தத் தெருவில் ஒன்றாகிவிடுகின்றன. போவதற்கு அவர்கள் கொடுத்த விலைக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. சிவாலய ஓட்டத்தின் உற்சாகத்தை எழுதுகிற கட்டுரைகளில் இந்த நினைவு வருவதில்லை.

ஆகவே பழைய சொற்களை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் கட்சி அல்ல. இன்று ஒருவர் கவிதையில் செலவு என்று எழுதிப் பயணம் என்று அர்த்தம் கொள்ளச் சொன்னால் அது அருங்காட்சியகத்துக்குத்தான் போகும். அந்தச் சொற்களின் சமூகமும் நமக்கு வேண்டியதில்லை. வேண்டியது அவற்றின் நேர்மை. போவது என்பது குறைந்தது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம், அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைப் பெரும்பாலும் போகிறவன் கொடுப்பதில்லை. இதை அந்தச் சொற்கள் ஒளிக்கவில்லை. நம் 'பயணம்' ஒளிக்கிறது.

7

சிறுபத்திரிகைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டால் நமக்கே இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1968இல் சி. மணியும் நண்பர்களும் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயர் 'நடை'. நடக்கிற நடை, எழுத்தின் நடை இரண்டும் அதில் இருந்தன. அவருடைய 1974ஆம் வருஷத் தொகுப்பின் பெயர் 'வரும் போகும்'. எழுபதுகளின் கடைசியில் 'யாத்ரா' வந்தது. புதுக்கவிதை தன்னை நகர்கிற ஒன்றாக நினைத்துக்கொண்ட காலம் அது. யாப்பை விட்டுக் கிளம்பியபோது அதற்கு விலை தெரிந்திருந்தது. பின்னால் நின்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள், வழியனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்தத் தலைமுறையின் பல கவிதைகளில் ஸ்தூலமான ஒரு தெரு, பஸ், படிக்கட்டு இருப்பது தற்செயல் அல்ல.

பிறகு வந்தவர்களுக்குக் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வழி போட்டுக் கிடந்தது. போகாமலே போனதாகச் சொல்ல ஒரு படிமம் போதுமானதாக இருந்தது. வெளியூர்ப் பயணம் உண்மையிலேயே சுலபமாகிவிட்ட காலத்தில் கவிதையில் பயணம் இவ்வளவு மங்கலாகிப் போனது வேடிக்கை. வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பேசுகிறவன் இன்று முகத்தைப் பார்த்தே பேசலாம். அதனால் இருக்கிறவருக்கும் போனவருக்கும் நடுவிலுள்ள கணக்கு தீர்ந்துவிடவில்லை, வேறு மாதிரி எழுதப்படுகிறது. அந்தப் புதுக் கணக்கைப் பார்க்கிற கவிதை நமக்கு இன்னும் போதுமான அளவு வரவில்லை.

இதற்குப் பெரிய சித்தாந்தம் ஒன்றும் தேவைப்படாது. கையெழுத்துப் பிரதியில் 'பயணம்' வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதிப் பார்க்கலாம். எவ்வளவு தூரம்? என்ன செலவு? யார் வீட்டில் இருந்தது? மூன்றில் ஒன்றுக்காவது கவிதைக்குள் பதில் இருந்தால் சொல் அங்கேயே இருக்கட்டும்.